சுழி

வண்ணாரப்பேட்டை ஷோரூம் கண்ணாடியில்
ஆளுயரத்துக்கு ஒரு சுழி.
பக்கத்தில் விழுக்காட்டுக் குறி,
அதன் தோளில்
எறும்புத் தலையளவு ஒரு நட்சத்திரம்.
இவர் சுழியைப் பார்த்தார்,
நான் நட்சத்திரத்தைப் பார்த்தேன்.
பீடிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவளுக்குக்
கண் வேறெங்கே போகும்.

"வட்டியே கிடையாதாம் சபூரா."
மேலப்பாளையத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே
மூன்று தரம் சொல்லியாயிற்று.
வட்டி ஆகாது என்றுதான்
பதினோரு வருஷம் நனைந்தோம்:
முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று,
பின்னால் நான்,
என் மடியில் அரிசிப்பை.

கோமதிசங்கர் என்று சட்டையில் குத்தியிருந்த பையன்
ஏசியைக் கூட்டி வைத்தான்.
படிவத்தில் மைதீன் பிச்சை என்று
இவர் பெயரை அழகாக எழுதினான்.
"ஆறு லட்சம் லோன். முப்பத்தாறு மாசம்.
மாசம் பதினாறாயிரத்து அறுநூத்தி அறுபத்தேழு.
பெருக்கிப் பாருங்க மேடம், ஒரு பைசா கூடாது."
பெருக்கினேன்.
பன்னிரண்டு ரூபாய் கூடியது.
அவனும் சிரித்தான்.

சிரிப்பு அடங்குமுன் கேட்டேன்:
"மொத்தமாக் காசு கொடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க?"
அவன் பேனா மூடியைத் தேடினான்.
"அது வேற ஸ்கீம் மேடம்."
"எவ்வளவு?"
"நாப்பத்தி ரெண்டாயிரம்."
"லோன் போட்டா?"
"அது வராது."
அப்புறம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம், பரிசீலனைக் கட்டணம்.
இன்சூரன்ஸ் இங்கேதான் எடுக்கணும்;
வெளியே எடுத்தால் பதினோராயிரம் மிச்சம்,
ஆனால் வெளியே எடுக்கக்கூடாது.
முன்வாசலில் வட்டி என்ற பெயரில் எவரும் இல்லை.
பின்வாசல் வழியே மூன்று பேர்
வேறு வேறு சட்டையில்
வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டிப் படத்தின் பின்பக்கம் கூட்டினேன்.
ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு
விரித்துப் பார்த்தால்
வருஷத்துக்கு ஆறே முக்கால், கிட்டத்தட்ட.
"பேங்குல போனா ஒம்பதரை மேடம்" என்றான்.
அதுவும் பொய்யில்லை.
பொய்யாக இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

இவர் என் காதருகே குனிந்து,
"தராத தள்ளுபடி எப்படி வட்டியாகும்?
மறுமையில் அதுக்கும் கேள்வி உண்டா?"
அந்தக் கணக்குக்கு
என் கால்குலேட்டரில் பித்தான் இல்லை.
படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.
கையெழுத்து இடம் வெள்ளையாகவே கிடந்தது.

ஸ்கூட்டர் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.
டையைத் தளர்த்திக்கொண்டதும்
பேச்சும் ஊர்ப் பேச்சாகிவிட்டது.
"அக்கா, இருவத்தெட்டுக்கு மேல வாங்க.
போன வருஷத்து வண்டி ரெண்டு நிக்கி, வெள்ளைக் கலரு.
டார்கெட்டு முடியலைன்னா மேனேஜர் எறங்கி வருவாரு.
அன்னைக்கு லோனும் கேளுங்க, தள்ளுபடியும் கேளுங்க.
எழுதித் தரச் சொல்லுங்க.
நான் சொன்னேன்னு சொல்லிராதீய."
அவன் பைக்கில்
ஃபைனான்ஸ் கம்பெனி ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது.
எத்தனை மாசம் பாக்கியோ, கேட்கவில்லை.

கொக்கிரகுளம் வழியே திரும்பினோம்.
திங்கட்கிழமை.
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மனுவோடு வந்தவர்களின் பைகளைத் திறந்து
போலீஸ்காரர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.
இவர் வண்டியை மெதுவாக்கினார்.
பிறகு ஒன்றும் பேசவில்லை.

வலப்பக்கம் தாமிரபரணி, செம்மண் நிறத்தில்.
குறுக்குத்துறையில் நீந்திப் பழகியவர் இவர்;
சுழி இருக்கும் இடத்தில்
மேல்தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும் என்று
கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார்.
இப்போது ஞாபகப்படுத்தவில்லை.

"இன்னும் ஒம்பது நாள்" என்றார், பாளையம் நெருங்கும்போது.
"ம்" என்றேன்.
தூறல் போட்டது.
வண்டிப் படத்தைத் தலைக்குமேல் பிடித்தேன்.
சுழி நனைந்து ஊறியது.
நட்சத்திரம் மட்டும்
என் கட்டைவிரலுக்கு அடியில்
காய்ந்தே இருந்தது.